குளூட்டன் ஒவ்வாதவர்களின் ரத்தசோகைக்கு நரம்பு வழி இரும்புச்சத்து

மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பது, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் சிதையும் செலியாக் நோயாளிகளிடம் அடிக்கடி காணக்கூடியது. இரும்பைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி. குளூட்டன் அதிகம் சிதைப்பதும் அங்குள்ள குடலுறிஞ்சிகளை, அதாவது சத்தை உறிஞ்சும் நுண்விரல்களைத்தான். அதனால்தான் இரும்பை நேராக ரத்தத்தில் சேர்க்கிறார்கள்.

முதலில் நோய் செலியாக்தானா என்று உறுதியாகட்டும். செலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி ரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நிறுத்திப் பல மாதம் கழித்துச் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். செலியாக் இல்லாமல் கோதுமை மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குடலுறிஞ்சிகள் பொதுவாகச் சிதைவதில்லை. அவர்கள் அதிக மாதவிடாய், வயிற்றுப்புண் போன்ற வேறு ரத்தக் கசிவைத் தேட வேண்டும்.

உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், மில்லி லிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே என்றால் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். குடலில் அழற்சி இருக்கும்போது அந்த எண் பொய்யாக உயரும். அப்போது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழா என்று பாருங்கள். பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாஸ்பேட் நான்கையும் கூடவே பரிசோதித்துவிடுங்கள்.

மருந்தின் மொத்த அளவு (மி.கி.): உடல் எடை (கிலோ) × (15 − இப்போதைய ஹீமோகுளோபின்) × 2.4 + 500. எடை 50 கிலோ, ஹீமோகுளோபின் 8 என்றால் 840 + 500 = 1,340 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி மருந்து ஒரு முறைக்கு 200 மி.கி.தான், வாரம் அதிகபட்சம் 3 முறை. இவருக்கு 7 முறை வர வேண்டியிருக்கும். இன்னொரு இரும்பு மருந்தான ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் வாரத்துக்கு 1,000 மி.கி. வரை போடலாம், ஆனால் ஒரு முறைக்குக் கிலோவுக்கு 20 மி.கி. தாண்டக் கூடாது, இரண்டே முறையில் முடியும். இதை 250 மி.லி.-க்கு மிகாத நார்மல் சலைனில் (உப்பு நீர்) கலந்து குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். அதிகம் நீர்த்தால் மருந்து நிலைகுலையும்; மில்லி லிட்டருக்கு 2 மி.கி.-க்குக் குறையவே கூடாது.

காய்ச்சல், நோய்த்தொற்று இருந்தால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தின் முதல் 3 மாதங்களில் வேண்டாம். வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை.

ஊசி நரம்புக்கு வெளியே நழுவினால் தோலில் பழுப்புக் கறை படியும். பல மாதம், சில சமயம் நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால் முதலில் வெறும் சலைனைச் செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, முதுகு வலித்தாலும், ரத்த அழுத்தம் குறையாமல் மூச்சிரைப்பும் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. நிறுத்திவிட்டால் தானே அடங்கும். பிறகு மெதுவாகத் தொடரலாம். இதற்குத் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி ஊசி போட்டால் அதுவே ரத்த அழுத்தத்தைக் குறைத்துக் குழப்பம் உண்டாக்கும். மூச்சிரைப்பு, முக வீக்கம், ரத்த அழுத்தச் சரிவு இருந்தால் அவசர சிகிச்சை வேண்டும். முடிந்த பிறகும் 30 நிமிடம் அங்கேயே இருங்கள்.

பலரும் தவறவிடுவது பாஸ்பேட்டை. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் அதைக் குறைக்கக்கூடும். வைட்டமின் டி குறைந்த செலியாக் நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். இரண்டு வாரத்தில் சோர்வு மிகுந்து எலும்பும் தசையும் வலித்தால் பாஸ்பேட் பரிசோதனை கேளுங்கள்.

ஃபெரிட்டினை 4 வாரத்துக்குள் பார்க்காதீர்கள், ஏற்றிய மருந்தே அதை உயர்த்திக் காட்டும். குளூட்டனை முழுதாக விலக்கினால் குடல் ஆறி, 6 முதல் 12 மாதத்தில் இரும்பைத் தானே உறிஞ்சத் தொடங்கும். அதன் பிறகும் ஃபெரிட்டின் சரிந்தால், அடுத்த ஊசிக்கு முன் உணவிலும் மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும் குளூட்டனையும், வயிற்றில் வரும் ஹெலிகோபாக்டர் பாக்டீரியா தொற்றையும், ரத்தக் கசிவையும் தேடச் சொல்லுங்கள்.