ஓடையில் கழிவுநீர் எங்கே கலக்கிறது? கண்டுபிடிக்கும் முறை

நிறத்தையும் நாற்றத்தையும் மட்டும் நம்ப வேண்டாம். தெளிந்து ஓடும் நீரிலும் மலக்கிருமிகள் இருக்கலாம். பழுப்பேறிய நீர் வெறும் இலைச்சாறாகவும் இருக்கலாம். தேட வேண்டியது கழிவுநீர் நுழையும் இடத்தை. அது தெரிந்தால்தான் எந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்று குறிப்பாகப் புகார் கொடுக்க முடியும்.

மழை ஓய்ந்து 3 நாள் ஆன பிறகு கரையோரமாக நடந்து பாருங்கள். மழைநீர் வடிகாலின் வாய் அப்போது காய்ந்திருக்க வேண்டும். நீர் சீராக வந்தால் அது நிலத்தடி ஊற்றாகவோ உடைந்த குடிநீர்க் குழாயாகவோ இருக்கலாம். காலையிலும் மாலையிலும் கூடி, நடுப்பகலில் குறைந்தால் வீட்டுக் கழிவுநீர் என்றே சந்தேகிக்கலாம். வாய்க்குக் கீழே உள்ள கற்களில் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற வழவழப்பான படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ஃபேரோடைலஸ் போன்ற பாக்டீரியாக்கள் சேர்ந்து வளர்வது அது. என்றோ ஒருநாள் கொட்டிய கழிவில் அது அப்படிப் படராது. தொடர்ந்து வர வேண்டும்.

அடுத்தது துணிச் சோதனை. வெளுக்காத பருத்தித் துண்டைக் கம்பிவலைக்குள் வைத்துக் குழாய் வாயில் கட்டி, நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு நல்ல நீரில் அலசி, இருட்டில் உலர்த்தி, புற ஊதா விளக்கில் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூளின் வெண்மையூட்டி அதில் ஏறியிருக்கிறது. பலர் தவறுவது துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான்: கடையில் வாங்கும் வெள்ளைத் துணி முதலிலேயே ஒளிரும். அதனால் கட்டும் முன்பே விளக்கில் பார்த்து, ஒளிராத துணியாக எடுங்கள். ஒரு துண்டை நீரில் போடாமல் ஒப்பிட வைத்திருங்கள். இந்தச் சோதனை துணி துவைத்த நீரைத்தான் காட்டும். மலக்கழிவும் கலந்து வருகிறதா என்பதை, குடலில் வாழும் இ.கோலை பாக்டீரியாவைத் தேடும் ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

அதற்கு மூன்று மாதிரிகள் போதும்: ஓடை வரும் திசையில் குழாயைத் தாண்டி மேற்புறம், குழாய் வாயில், ஓடை போகும் திசையில் கீழ்ப்புறம் நன்றாகக் கலந்த பிறகு. அங்கங்கே எடுத்த பத்து மாதிரிகளைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும். நீரில் இறங்கினால் கீழ்ப்புற மாதிரியை முதலில் எடுங்கள். கால் கிளறும் வண்டலில் கிருமிகள் தங்கியிருக்கும். கிருமிநீக்கிய புட்டியை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, 30 செ.மீ. ஆழத்தில் நிரப்புங்கள், ஆழமில்லாவிட்டால் நடுமட்டத்தில். மூடியின் உட்புறத்தைத் தொடக்கூடாது. மேலே சற்று இடம் விட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2012 பரிந்துரைகளில் ஒன்றின்படி, குளிக்கும் நன்னீரில் இ.கோலை எண்ணிக்கையின் பெருக்குச் சராசரி (பல மாதிரிகளின் எண்களைப் பெருக்கி, மூலம் எடுத்துக் கணக்கிடும் சராசரி) 100 மி.லி.க்கு 126-ஐத் தாண்டக்கூடாது.

காயத்தை நீர்புகாத கட்டால் மூடி, ரப்பர் கையுறையும் பூட்சும் அணியுங்கள். முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்தைக் கைச் சானிடைசர் கொல்லாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் மற்ற காய்ச்சல்களைப் போலவே தொடங்கும். மேன்ஹோலை ஒருபோதும் திறக்காதீர்கள். அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மோப்பத்தை மரத்துப்போகச் செய்யும், பிறகு ஆளையே சாய்த்துவிடும்.

புகாரில் குழாயின் இடம், விட்டம், நேரம், கடைசியாக மழை பெய்த நாள், படம், ஆய்வக முடிவு எல்லாம் இருக்கட்டும். சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தால், மழையில்லாத நாளில் அதே மூன்று இடங்களில் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரே வடிகாலில் பல வீடுகளின் இணைப்பு சேர்ந்திருக்கலாம். ஒன்றை மட்டும் அடைத்தால் அளவு குறையுமே தவிர, நிற்காது.