விறகில் எறும்பு, கறையான், உளு: குசினிக்குள் வராமல் மறிக்கிற வழி

2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கள் குசினியில் விறகடுப்பு திரும்பவும் எரியத் தொடங்கியது. காஸ் தாராளமாக வந்த பிறகும் சோறும் பிட்டும் அதிலேதான். தொல்லை என்னவென்றால், ஒரு நுனி பற்றினதும் மற்ற நுனியால் கட்டெறும்பு வரிசையாக இறங்கும். இருதலைக் கொள்ளி எறும்புக்குப் போக்கிடம் இல்லை. அடுப்படி எறும்புக்கு எங்கள் கால் இருக்கிறது.

இப்போது அந்தக் கரைச்சல் அநேகமாக இல்லை. மருந்து ஒன்றும் அடிக்கவில்லை. விறகு கொத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்; கோடாலி பிடிக்கும் பாடம் இதில் இல்லை.

படி 1: இறக்கும்போதே தட்டிப் பாருங்கள்

லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) வந்த விறகை நேரே அடுக்க வேண்டாம். வெயிலில் பரப்பி, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கல்லில் ஓங்கித் தட்டுங்கள். மண் கொட்டினால் கறையான். எறும்பு வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் உள்ளே கூடு இருக்கிறது. அரித்த மாப்போல மெல்லிய தூள் விழுந்தால் உளு, மரத்தை மாவாக்குகிற சின்ன வண்டு. பட்டைக்கு அடியில் சக்கை சக்கையாக இருந்தால் மரம் துளைக்கிற வண்டின் புழு. இரவில் விறகுக்குள் கிர் கிர் என்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் இந்தப் புழுவுடையது.

தட்டியதைப் புரட்டிப் புரட்டி நல்ல வெயிலில் விடுங்கள். புற்றோடு தொடர்பு அறுந்து ஈரமும் இல்லாமல் போனால் கறையான் தானாகவே செத்துப்போகும். மாங்கொப்பு என்றால் முசுறு எறும்பு இருக்கும். அது இலையைச் சேர்த்துத்தான் கூடு கட்டும் என்பதால், கொப்பை இலையோடு வீட்டுப் பக்கம் இழுக்காமல் வெட்டின இடத்திலேயே விடுங்கள். இலை சருகானதும் முசுறு வேறு மரம் பார்த்துப் போய்விடும்.

துணிக் கையுறை காசுக்குக் கேடு, பின்னலுக்குள்ளால் எறும்பு கடிக்கும். வெல்டிங் வேலைக்காரர் போடுகிற தோல் கையுறை வாங்குங்கள். பழைய குவியலைக் கிளறுகிறீர்கள் என்றால் அதையும் நம்பாமல், நீளக் கம்பியில் கொக்கி வளைத்து இழுத்து எடுங்கள். தேளும் பூரானும் மட்டுமல்ல, எட்டடி விரியன், சுருட்டை போன்ற விஷப் பாம்புகளும் படுக்கிற இடம் அது.

படி 2: கொத்தி, பட்டையை உரியுங்கள்

முழுக் குற்றியாக விட்டால் உள்ளீரம் போகாது. பட்டை அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். துளைக்கிற வண்டுகள் பலதும் அங்கேதான் முட்டை இடும். பூவரசும் வேம்பும் பச்சையாக இருக்கும்போது பட்டை லேசாக உரியும், காய்ந்த பிறகு மல்லுக்கட்ட வேண்டும். உக்கிய தென்னங்குற்றியை விறகென்று சேர்த்து வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அதற்குள் பெருகி, வளவில் நிற்கிற தென்னைக்கு வரும்.

படி 3: அடுக்குகிற இடம்

எல்லாரும் பிழைக்கிற இடம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

வசதி என்று குசினிச் சுவரோடு சாத்தி அடுக்குவார்கள். கறையான் மண்ணிலிருந்து விறகுக்கு ஏறி, விறகிலிருந்து சுவருக்கு மண்குழாய் கட்டி, கூரையின் கைமரத்துக்கும் சிலாகைக்கும் போய்ச் சேரும். வைரமேறிய பனைச் சிலாகை தாங்கும். இளம் பனையும் மலிவு மரமும் தாங்காது. ஆகவே சுவரிலிருந்து நாலு எட்டுத் தள்ளி அடுக்குங்கள். கீழே சீமெந்துக் கல்லை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் இரண்டு இரும்புக் குழாய். ஒரு சாண் இடைவெளி இருந்தால் குனிந்து பார்க்கலாம், கறையான் கல்லில் ஏறினாலும் மண்குழாய் கண்ணில் படும். உடனே தட்டிவிடலாம். மரக்குற்றியைக் கீழே கொடுத்தால் அதையே முதலில் தின்னும்.

அடுத்தது தறப்பாள். மழைக்குப் பயந்து குவியலைத் தலையோடு காலாக மூடி, ஓரத்துக்குக் கல்லும் வைத்துவிட்டால் உள்ளே வேர்த்துப் பிசுபிசுக்கும். இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்? எனக்குத் தறப்பாளே பிடிக்காது. இரண்டு தகரம் சரிவாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். அடுக்கின் நீளப் பக்கம் காற்றுக்கு முகம் கொடுக்க வேண்டும். வைகாசியிலிருந்து தென்மேற்கால் அடிக்கிற சோழகக் காற்றை விடச் சிறந்த உலர்த்தி இந்த ஊரில் கிடையாது. ஐப்பசி மழைக்கு முன் விறகு காய்ந்திருக்க வேண்டும். கார்த்திகையில் வாங்கிய பச்சை விறகு தைப்பொங்கலுக்குப் புகையத்தான் செய்யும்.

படி 4: எடுக்கிற ஒழுங்கு

பழையது முதலில். குசினிக்குள் அன்றைக்குத் தேவையானது மட்டும், அதுவும் வாசலில் ஒருமுறை தட்டிவிட்டு. காவோலை, மட்டை, ஊமல் (பனங்கொட்டைக் கோது) எல்லாம் வேறாக வையுங்கள். மட்டைக்குள்தான் தேள் ஒளிக்கும்.

பூச்சிமருந்து, கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிறே எதுவும் விறகுக்கு வேண்டாம். எரிக்கும்போது அந்த நஞ்சு புகையோடு அடுப்பை ஊதுகிறவரின் நெஞ்சுக்குள்தான் போகும். பெயின்ற் அடித்த பழைய கதவு நிலையும் அதே கணக்கு.

பிறகு சேர்த்தவை

கல்லுக்கு அடியில் கழிவு ஒயில் ஊற்றலாமா என்று பலர் கேட்டார்கள். வேண்டாம். எங்களுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் கிணற்றுத் தண்ணீர். மண்ணில் ஊற்றியது அங்கே போய்ச் சேர அதிக தூரமில்லை. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

கால் வைத்த இரும்புத் தட்டு வைத்திருக்கும் ஒருவர், கால்களைத் தண்ணீர்ப் பேணிக்குள் நிறுத்தியதாக எழுதியிருந்தார். எறும்பு நிற்கும், டெங்கு நுளம்பு வரும். ஒவ்வொரு காலிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிறீஸ் பூசுங்கள். தூசி படிந்ததும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். சாம்பல் வட்டம் போடுவது மழை பெய்யும் வரைக்கும்தான்.

உளுத்த விறகை எறிய வேண்டுமா? தேவையில்லை, வீட்டுத் தளபாடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காமல் முதலில் எரித்து முடியுங்கள். சடசடவென்று எரிந்துவிடும். பிட்டு அவிக்கக் காணும், ஒடியல் கூழுக்குக் காணாது.