பிளெண்டர் குறும்படம்: ரெண்டர் முதல் கலர் கிரேடிங் வரை

அனிமேஷனும் ஒளியமைப்பும் முடிந்துவிட்ட ஒரு மாணவக் குறும்படத்தை முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்னும் ரெண்டர் இயந்திரத்தில் ரெண்டர் செய்து (அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படங்களாக எடுத்து), நிறத்திருத்த மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் நிறம் திருத்தி முடிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், எதையும் நேரடியாக எம்பி4 வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் மூன்று நிமிடப் படத்துக்கு 4320 ஃபிரேம்கள் ஆகும். இடையில் மின்சாரம் போனால் அந்த வீடியோ பெரும்பாலும் திறக்காது. தனித்தனிப் படங்களாக எடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட் தேர்வை நீக்கிவிட்டால், ஏற்கெனவே உள்ள ஃபிரேம்களை பிளெண்டர் தாண்டிச் செல்லும். ஆனால் மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கடைசிக் கோப்பு அரைகுறையாக இருக்கக்கூடும் என்பதால், அதை அழித்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும்.

கோப்பு வகை ஓபன்இஎக்ஸ்ஆர் (சுருக்கமாக இஎக்ஸ்ஆர்) மல்டிலேயராக, அதாவது ஒரே கோப்பில் பல அடுக்குகளைச் சேமிக்கும் வகையாக, இருக்கட்டும். பொதுவாக 16 பிட் போதும். கிரிப்டோமேட் (ஒவ்வொரு பொருளையும் தனியே தேர்ந்தெடுக்க உதவும் தரவு) தேவைப்படும் ஷாட்டுகளுக்கு மட்டும் 32 பிட்டும் ஜிப் சுருக்கமும் வையுங்கள். டிடபிள்யூஏஏ சுருக்கம் வட்டில் இடத்தை மிச்சப்படுத்தினாலும் கிரிப்டோமேட்டின் எண்களைக் குலைத்துவிடும்.

டினாய்ஸை, அதாவது படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குவதை, ரெண்டரின்போது செய்வதைவிட, ரெண்டரான படங்களை நோடுகளால் திருத்தும் கம்போசிட்டரில் செய்வதையே விரும்புகிறேன், ஏனெனில் முடிவு பிடிக்காவிட்டால் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியதில்லை. டினாய்ஸ் நோடுக்கு ஆல்பெடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) இரண்டையும் இணைத்து, அதற்குப் பிறகே ஒளிவட்டம் சேர்க்கும் கிளேர் நோடை வையுங்கள்; வரிசை மாறினால் ஒவ்வொரு வெண்புள்ளியும் நட்சத்திரமாக மின்னும். ஒரு ஃபிரேமை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், ஓடவிட்டுப் பாருங்கள். சுவரின் நிழல் நெளிந்தால் சாம்பிள் (ஒரு புள்ளிக்குக் கணக்கிடும் ஒளிக்கதிர்) எண்ணிக்கையைக் கூட்டுவதே சரியான தீர்வு.

இனி, பலரும் இடறும் இடம். இஎக்ஸ்ஆர் கோப்பில் இருப்பது காட்சியின் ஒளி அளவு, அதாவது லீனியர் தரவு. பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக அமைந்திருக்கும் ஏஜிஎக்ஸ் தோற்றம், அந்தத் தரவைத் திரையில் காண்பதற்கேற்ற நிறங்களாக மாற்றும் முறை. அது இஎக்ஸ்ஆர் கோப்பில் எழுதப்படுவதில்லை. ஆகவே ரிசால்வில் திறந்ததும் படம் இருண்டும், விளக்கைச் சுற்றிய பகுதி வெறும் வெள்ளையாகவும் தெரியும். அதைக் கண்டு காமாவை உயர்த்தத் தொடங்கினால் வண்ணங்கள் கெட்டு, ஒரு ஷாட்டும் மற்றொன்றோடு ஒட்டாது. மாறாக, கம்போசிட் முடிந்த படத்தை ஒற்றை லேயர் இஎக்ஸ்ஆராக எடுத்து, ரிசால்வின் முதல் நோடில், ஒரு நிறவெளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்மைப் போட்டு, உள்ளீட்டை ரெக் 709, லீனியர் என்றும், வெளியீட்டை டாவின்சி வைட் காமட், டாவின்சி இன்டர்மீடியட் என்றும் அமையுங்கள். கடைசி நோடில் இன்னொன்றைப் போட்டு ரெக் 709, காமா 2.4க்குக் கொண்டுவாருங்கள். நிறத்திருத்தம் முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும்.

இப்படிச் செய்தாலும் ஏஜிஎக்ஸ் தோற்றம் அப்படியே கிடைக்காது. உங்கள் விளக்குகளை அந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் வைத்தீர்கள் என்பதால், முதல் படம் எடுப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி: கம்போசிட்டரிலிருந்து ஏஜிஎக்ஸோடு சேர்த்து 16 பிட் டிஃப் படங்களாக எடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் எதுவுமின்றி மென்மையாகத் திருத்துங்கள். மிகையொளியை மீட்கும் வசதி குறையும். ஆனால் நீங்கள் ஒளியமைத்த படம் கைவிட்டுப் போகாது.

எவ்வழியானாலும், காட்சிக்கு ஒரு முதன்மை ஷாட்டைத் திருத்தி அதன் ஸ்டில்லை (ஒப்பிடுவதற்கான நிலைப்படத்தை) சேமித்து, ஒளி அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்து மற்ற ஷாட்டுகளை அதற்கு ஈடாக்கிய பிறகே, படத்தின் பொதுவான சாயலில் கைவையுங்கள்.

பின்சேர்க்கை: 30 ஃபிரேமில் அனிமேட் செய்த படம் ரிசால்வில் மெதுவாக ஓடுவதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். படவரிசையை ரிசால்வ் புராஜெக்டின் ஃபிரேம் வீதத்திலேயே எடுத்துக்கொள்கிறது. கோப்புகளைச் சேர்த்துவிட்ட பின் அந்த வீதத்தை மாற்ற விடாது. புதிய புராஜெக்ட் திறந்து, முதலில் 30 என்று அமைத்துவிட்டுப் படங்களைச் சேருங்கள்.