ஹெடர் மாற்றிய காரில் ஆக்சிஜன் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் டொயோட்டா 86 வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், புத்தம் புதிய முன் ஆக்சிஜன் சென்சாரோடு (எக்ஸாஸ்ட் குழாயில் இன்ஜின் பக்கம் இருப்பது) வந்து நின்றார். அது அவர் வாங்கிய இரண்டாவது சென்சார். கார் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளரின் ஹெடரை (இன்ஜினிலிருந்து எக்ஸாஸ்ட் வாயுவை வாங்கிச் செல்லும் முதல் குழாய்த் தொகுதி) பொருத்திய சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கு எரிந்திருக்கிறது. குறியீடு பி0171, அதாவது கலவையில் எரிபொருள் போதவில்லை. இதே வகைக் காரில், இதே குறியீட்டுக்காக நானும் முன்பு இரண்டு சென்சார்கள் வாங்கினேன். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

கசிவை விட்டுவிட்டுச் சென்சாரை மாற்றுவது

தன் முனையைத் தொட்டுப் போகும் வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது மட்டுமே சென்சாருக்குத் தெரியும். அது எந்த வழியாக வந்தது என்று தெரியாது. எக்ஸாஸ்ட் வாயு துடிப்புத் துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. ஐடிலிங்கில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கும். ஹெடர் இன்ஜினோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். சென்சார் அதைக் கண்டு சொல்ல, கணினி மேலும் மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது.

நம்மை ஏமாற்றுவது அடுத்த கட்டம். புதிய சென்சாரைப் போட்டதும் குறியீட்டை அழிக்கிறோம். கணினி கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தமும் (பெட்ரோலை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்ற கணக்கு) அதோடு பூஜ்ஜியமாகிறது. அது மீண்டும் எல்லையைத் தொடச் சில நாட்கள் ஆகும். விளக்கு எரியாத அந்த நாட்களில் ‘சென்சார்தான் கோளாறு’ என்று மனம் உறுதியாக நம்பிவிடுகிறது. பிறகு விளக்கு எரியும்போது, புதிய சென்சாரும் கெட்டுவிட்டது என்று எண்ணி அடுத்ததை வாங்குகிறோம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

வாங்கும் முன் நீண்டகால எரிபொருள் திருத்தத்தை ஸ்கேனரில் பாருங்கள். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் இறங்கினால் கசிவைச் சந்தேகியுங்கள். (காற்று உள்ளே வரும் பக்கத்தில் கசிந்தாலும் இதே அடையாளம் காட்டும், அதையும் சோதிக்க வேண்டும்.) காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்ற ஓசை, இன்ஜின் சூடானதும் அடங்குகிறதா? இணைப்பின் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா? இன்ஜின் ஆறியபின், வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவிடும் முனையைச் சைலன்சர் வாயில் வைத்து, இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் குமிழி வரும்.

என் காரில் வலப்பக்க இணைப்பில் குமிழி வந்தது. ஹெடரைப் பொருத்திய பணிமனையில் பழைய கேஸ்கெட்டையே (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு) திரும்பப் போட்டிருந்தார்கள். ஒரு கேஸ்கெட்டின் விலை சென்சார் விலையில் சிறு பங்குகூட இல்லை.

முன் சென்சாரும் பின் சென்சாரும்

ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. இந்தக் காரில் முன்னால் இருப்பது கலவையின் விகிதத்தையே அளக்கும் அகலப்பட்டை வகை. பின்னால் இருப்பது ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும் பழைய வகை. இரண்டிலும் மரை ஒரே அளவாக இருந்தாலும் மாற்றிப் போடாதீர்கள்.

வயரைச் சாலிடர் செய்வது

பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவேதான் இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நீளம் போதாவிட்டால் கனெக்டரோடு வரும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள்.

சென்சார் நிற்கும் கோணம்

மலிவான ஹெடர்களில் இதைக் கவனித்துப் பாருங்கள். சென்சாரின் முனை கீழ்நோக்கி, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். வயர்ப் பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த குழாயில் சேரும் நீர் உள்ளே தேங்கி, சூடேறிய பீங்கானை வெடிக்க வைக்கும்.

சிலிக்கான் பசை

இணைப்பில் தடவவே வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

கன்வெர்ட்டர் இல்லாத ஹெடரில் பி0420

கன்வெர்ட்டர் என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் நச்சைக் குறைக்கும் பாகம். பின் சென்சாரை மாற்றினால் இந்தக் குறியீடு போகாது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றுதான் அது சொல்கிறது, அங்கே கன்வெர்ட்டரே இல்லை. பல நாடுகளில் அப்படிச் சாலையில் ஓட்டுவதே குற்றம். காரோடு வந்த, கன்வெர்ட்டர் உள்ள பழைய ஹெடர் கையில் இருந்தால் அதையே திரும்ப மாட்டுங்கள், கேஸ்கெட்டை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.