செட்டை மாற்றும் முன் விளக்கை அணைத்துப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் படகு விஎச்எஃப் செட்டுகளை, அதாவது கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் ரேடியோக்களைப் பழுதுபார்க்கிற எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்: "கரையில நல்லா கேக்குது, ராத்திரி கடலுக்குப் போனா ஒரே இரைச்சல்." விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இதற்காகவே புதுச் செட் வாங்கிப் போட்டார். இரைச்சல் போகவில்லை. படகில் ஏறிப் பார்த்தால், ஆண்டெனாவுக்கு ஒரு சாண் கீழே புதிதாக இரண்டு எல்இடி விளக்குகள். அணைத்தேன், செட் அடங்கிவிட்டது.

விளக்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எல்இடிக்குள் இருக்கும் டிரைவர், அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மலிவு விளக்கில் வடிகட்டி இருக்காது. அந்த வெட்டு, ஒயர் வழியாக ரேடியோ இரைச்சலாகக் கசியும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையே 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது.

சோதிப்பது சுலபம். விளக்கை அணைத்துவிட்டு, பேச்சில்லாத சேனலுக்குப் போங்கள். பேச்சில்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் குமிழை மெல்லத் திருப்பி, இரைச்சல் நின்ற இடத்திலேயே விடுங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் கோளாறு விளக்கில்தான். அதை ஆண்டெனாவிலிருந்து தள்ளி மாட்டுங்கள், ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் விளக்கையே மாற்றிவிடுங்கள்.

பலர் செய்வது வேறு. ஸ்குவெல்ச்சை முழுக்கத் திருகி வாயடைத்துவிடுகிறார்கள். காதுக்கு நிம்மதிதான், ஆனால் தூரத்துப் படகு மெலிந்த குரலில் உதவி கேட்டாலும் அதோடு சேர்ந்து அடைபட்டுப் போகும். என்னைக் கேட்டால், இரைச்சலை விட இதுதான் ஆபத்து.

அடுத்தது மைக். கொக்கியில் மாட்டாமல் வலைக்கு அடியில் போட்டுவிட்டு, பொத்தான் அமுங்கியே கிடந்தால் உங்கள் எஞ்சின் சத்தம்தான் அக்கம்பக்கமெல்லாம் கேட்கும், வேறு யாரும் அந்தச் சேனலில் பேச முடியாது. அதுவும் சேனல் 16ஆக, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அது ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ள சேனல். மீன் விலை பேச வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் 1 வாட் போதும், 25 வாட் எதற்கு?

ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மைக் பொத்தானை அழுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. சக்தி வெளியே போக வழியில்லாமல் செட்டுக்கே திரும்பும், சிக்னலை வெளியே தள்ளும் கடைசி டிரான்சிஸ்டர் வெந்துவிடலாம்.

அப்புறம், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற வாக்கி டாக்கி. உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் கைச்செட்டுக்குக்கூட இடிஏ, அதாவது கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், கேட்டு வாங்குங்கள். செல்போன் பூஸ்டரை மட்டும் படகிலும் வீட்டிலும் தொடவே வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம். அதன் இரண்டு ஆண்டெனாக்களும் பக்கத்தில் இருந்தால், ஒலிபெருக்கி முன் மைக் பிடித்தது போல ஊளையிடும். அந்த ஊளை டவரை அடைத்து, தெருவில் இருப்பவர்களின் சிக்னலையும் கெடுத்துவிடும்.