உப்புக்காற்று ஊரில் ரிவால்வர் வைத்திருப்பவருக்கு

பத்து நாளைக்கு முன்னால் என் தங்கச்சி மகன் ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற வாலிநோக்கத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். அங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். சனிக்கிழமை தோறும் கூலிப் பணத்தை வைத்துக்கொண்டு ஆளில்லாத ரோட்டில் தனியாகப் போகிறவன். நடையாய் நடந்து துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிவிட்டான். தாளில் ரிவால்வர் அல்லது பிஸ்டல், குழல் அளவு .32 (அங்குலம்) என்று இருந்தது.

"மாமா, கடையில ரெண்டையும் எடுத்துக் காட்டுறாங்க. பிஸ்டல் தட்டையா இருக்கு, இடுப்புல துருத்தாது. தோட்டாவும் கூடப் பிடிக்குது. எதை வாங்க?"

நான் பட்டாளத்தில் 22 வருஷம் ஆர்மரர், துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்க்கிறவன். 9 எம்.எம். பிஸ்டலைக் கணக்கில்லாத தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் யோசிக்காமல் சொன்னேன்: "ரிவால்வர் வாங்கு மாப்ளே." அவனுக்கு வாயால் சொன்னதை, இந்தக் கரையில் லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டாளத்துப் பிஸ்டலுக்குப் பின்னால் ஓர் ஆர்மரர் இருக்கிறான். வாராவாரம் துடைப்பார்கள், தோட்டா புதிதாக வரும், சுடுகிறவன் கை பழகிய கை. நம் வீட்டுத் துப்பாக்கி அப்படியில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மதுரைப் பக்கம் ரேஞ்சுக்குப் போனால் பெரிது. மிச்ச நாளெல்லாம் பீரோவில் கிடக்கும், அதுவும் உப்புக்காற்றில். கொஞ்சமாகச் சுட்டு, நெடுநாள் சும்மா கிடக்கிற துப்பாக்கிக்கு வேண்டிய குணம் வேறு.

அதில் முதல் குணம், அது எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பரமக்குடியில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தன் பிஸ்டலை எடுத்து, தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "காலிதான் அண்ணே, பாருங்க" என்று நீட்டினார். பழக்கத்தில் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. கட்டிலில் அவர் பேத்தி படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். குனிந்து எடுத்துப் பார்த்தேன். பித்தளை விளிம்பில் நகத்தால் கீறினாற்போல் ஒரு சின்னக் கோடு, தோட்டாவை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கவ்விய தடம். எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ! மனுஷர் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அஜாக்கிரதையான ஆள் இல்லை. செமி-ஆட்டோமேட்டிக்கின், அதாவது பிஸ்டலின், அமைப்பு அப்படி. மேகசினை எடுத்தாலும் குழலுக்குள் ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். ரிவால்வரில் தோட்டா ஒளிய இடமில்லை. திறந்தால் சிலிண்டர் என்கிற உருளையில் ஆறு ஓட்டை, ஆறு அறை. ஆறிலும் வெளிச்சம் தெரிந்தால் காலி. ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில்கூட விரல் நுனியால் ஆறையும் தடவி எண்ணிவிடலாம்.

இரண்டாவது, தோட்டா. நமக்கு லைசென்சில் போட்ட அளவுதான் தோட்டா கிடைக்கும். அதனால் வாங்கியதை வருஷக்கணக்காக வைத்திருக்கிறோம். இந்தக் காற்றில் பித்தளையில் பச்சை பூக்கும், உள்ளிருக்கும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற கேப்பும் சோர்ந்துபோகும். செமி-ஆட்டோமேட்டிக்குக்கு ஒவ்வொரு தோட்டாவும் முழு வீச்சோடு வெடிக்க வேண்டும். அந்த வீச்சில்தான் ஸ்லைடு பின்னால் போய்க் காலிக் கூட்டை எறிந்து அடுத்ததை ஏற்றும். பிடிக்கிற மணிக்கட்டு தளர்ந்தால்கூடப் பாதியில் சிக்கும். ரிவால்வரின் சிலிண்டரைச் சுற்றுவது உங்கள் விரல். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும்.

ஆனால் ரேஞ்சில் அப்படி உடனே இழுக்கக் கூடாது. வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. குழல் இலக்கைப் பார்த்தபடியே முப்பது வரை நிதானமாக எண்ணிவிட்டு அப்புறம் திறங்கள். இன்னொன்று, 'டப்' என்ற சத்தத்துக்குப் பதில் 'பொசுக்' என்று கேட்டால் கையை நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். ரிவால்வர் அடுத்ததைத் தானே தயாராக வைத்திருப்பதால் இந்த இடத்தில் நமக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

தோட்டா வாங்கும்போது ஏமாறாதீர்கள். ரிவால்வர் .32 வேறு, பிஸ்டல் .32 வேறு. பிஸ்டல் தோட்டாவின் கூடு சுமார் 17 மில்லிமீட்டர், ரிவால்வருடையது 23-க்கு மேல். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். உட்காருகிறதே என்று சுடக் கூடாது. குட்டையாக இருந்தாலும் அதன் அழுத்தம் அதிகம்.

மூன்றாவது, கை. எங்கள் பக்கத்துத் தோப்பு வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் தவறிய பிறகு முறையாக மனுப்போட்டுத் தன் பேரில் லைசென்ஸ் வாங்கியவர். கணவர் விட்டுப்போனது பிஸ்டல். மூட்டுவலி விரல்களால் ஸ்லைடை இழுக்க அவரால் முடியவில்லை. பாதி இழுத்து விட்டுவிடுவார், அது பாதியில் நிற்கும். அதைக் கொடுத்து ரிவால்வராக மாற்றிய பிறகு அவரே திறக்கிறார், அவரே நிரப்புகிறார், அவரே காலி செய்கிறார்.

டிரிகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேமரை, அதாவது பின்னால் இருக்கிற சுத்தியலை, முன்கூட்டி இழுத்து வைக்காமல் நேராகச் சுட்டால் டிரிகர் ஐந்து கிலோ எடைபோலக் கனக்கும். ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டால் இரண்டு கிலோ வந்தாலே அதிகம். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள், குறி நன்றாக விழும் என்று. ரேஞ்சில் அது சரி. வீட்டில் பதற்றத்தில் ஹேமரை இழுத்து வைத்துக்கொண்டு நிற்பது ஆபத்து. சுடத் தேவையில்லை என்று ஆனபின் அதை மெதுவாக இறக்குவதற்குள் கை நடுங்கிவிடும். அந்த ஐந்து கிலோ கனம் ஒரு பாதுகாப்பு. விரல் தவறிப் பட்டால் சுடாது, மனசு வைத்து இழுத்தால்தான் சுடும். டம்மித் தோட்டா போட்டு, தினம் இருபது தடவை, குழல் நுனியிலுள்ள முன்குறி அசையாமல் இழுத்துப் பழகுங்கள். பழைய மாடல்களில் ஹேமரிலேயே, கேப்பை அடிக்கிற ஊசி இருக்கும். வெறும் அறையில் அடித்துக்கொண்டே இருந்தால் அது முறியும், அதனால் டம்மி அவசியம்.

பிஸ்டல் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி நிரப்புவதில் அதனிடம் போட்டி போட முடியாது. அமெரிக்கத் துப்பாக்கி வீரர் ஜெர்ரி மிக்குலெக் 1999-ல் ஒரே ரிவால்வரில் ஆறு சுட்டு, நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார், மொத்தம் 2.99 வினாடி. நமக்கு அதற்கு அரை நிமிஷம் ஆகும். போட்டிக்குச் சுடுகிறவர்களும் இப்போது பெரும்பாலும் செமி-ஆட்டோமேட்டிக்தான். 25 மீட்டர் சென்டர்ஃபயர் (கேப் நடுவில் உள்ள தோட்டா) போட்டியில் பலர் பயன்படுத்துவது நம் ரிவால்வரின் அதே நீளமான .32 தோட்டாவை, ஆனால் அதற்கென்றே செய்த பிஸ்டலில். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான். தினமும் சுட்டு, தினமும் துடைக்கிறவருக்குப் பிஸ்டல் பொருந்தும். பிஸ்டல் சிக்கினால் கையாலேயே சரி செய்துவிடலாம். ரிவால்வர் உள்ளுக்குள் கெட்டால் மிஸ்திரியிடம்தான் போக வேண்டும்.

சரி, வாங்கப் போகிறீர்கள். கான்பூரில் செய்கிற பழைய .32 ரிவால்வர் நடுவில் மடித்துத் திறப்பது, பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வர் வழியில் வந்தது. 2014-ல் வந்த நிர்பீக் ரிவால்வர் சுமார் அரைக் கிலோதான். 2023-ல் வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிற மாதிரி. எதுவானாலும் கடையிலேயே இதைச் செய்யுங்கள். காலி என்று பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுதாய் நிற்கும்போது சிலிண்டரும் 'டிக்' என்று பூட்டியிருக்க வேண்டும். ஆறு அறையையும் இப்படிப் பாருங்கள். ஒன்றில் பூட்டாவிட்டாலும் வேண்டாம், அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாமல் சுட்டால் ஈயம் பக்கவாட்டில் சீவித் தெறிக்கும். அப்புறம் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதை அளக்க, புல்லட் பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு போதும். 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.25-க்குள் இருந்தால் நல்லது. சுடும்போது அந்த இடைவெளி வழியாகச் சுடுநெருப்பு பாயும். கட்டை விரலோ மறுகை விரலோ அதன் பக்கத்தில் போகவே கூடாது.

மடித்துத் திறக்கிற மாதிரியில் காலி செய்யும்போது ஒரு வேகம் வேண்டும். பயந்து பயந்து திறந்தால் ஒரு காலிக் கூடு, கூடுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் நழுவி உட்கார்ந்துவிடும், அப்புறம் மூடவும் முடியாது. பக்கவாட்டில் சாய்த்து, ஒரே மூச்சில் திறங்கள். பக்கம் திறக்கிற மாதிரியில் குழலை மேலே நிமிர்த்தி, சிலிண்டரின் முன்னால் இருக்கிற தண்டை முழு நீளத்துக்கு ஒரே தள்ளு.

அந்த நட்சத்திரத் தகட்டைத்தான் எல்லோரும் துடைக்க மறக்கிறார்கள். ஒருமுறை ரேஞ்சில் ஒருவருடைய சிலிண்டர் இறுகிவிட்டது, ரிவால்வர் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். தகட்டைத் தூக்கிப் பார்த்தால், எரியாத மருந்துத் துகள் நாலு, கேப்பை மாவு அளவுதான். பல் தேய்க்கிற பிரஷால் தட்டிவிட்டேன், சிலிண்டர் சுற்ற ஆரம்பித்தது. அந்த இடத்தில் எண்ணெய் விடாதீர்கள், துகள் ஒட்டிக்கொள்ளும்.

இனி உப்பு. உப்பளத்துக்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்து வியர்க்கும். கச்சான் என்கிற மேல்காற்றில் பறந்து வந்து இரும்பில் படிகிற பொடி பகலில் சும்மா கிடக்கும், ராத்திரி ஈரம் ஏறியதும் உப்புத்தண்ணீராகித் தின்ன ஆரம்பிக்கும். அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதுபோல ஆகும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பிறகு காய்ந்த துணி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கன் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் பிசினாகி ஸ்பிரிங்கைப் பிடித்துவிடும்.

குழலுக்குப் பட்டாளத்துக் கணக்கே சொல்கிறேன். துடைக்க நாலுக்கு இரண்டு அங்குலச் சிந்தி (துணித்துண்டு), எண்ணெய் போட நாலுக்கு ஒன்றரை. குழல் ஒன்று, அறை ஆறு, மொத்தம் ஏழு துளை என்று எண்ணிச் செய்யுங்கள். நம் ரிவால்வர் குண்டு வெறும் ஈயம், அதனால் குழலின் ஆரம்பத்திலும் சிலிண்டரின் முகத்திலும் சாம்பல் நிறத்தில் படியும். பித்தளைப் பிரஷால் தேய்த்து எடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். உள்பாகங்களை மூடியிருக்கிற பக்கத்தகட்டின் ஸ்குரூவை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைக் குடித்து இரும்புக்கே கொடுக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். சாவி உங்களிடம் மட்டும். லைசென்ஸ் உங்கள் பேரில்தான், மச்சானோ மகனோ எடுத்துப் பார்க்க அதில் இடமில்லை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். மேலே போகிற குண்டு யார் தலையிலாவது இறங்கும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு நான் கொடுத்தது, முடிவெல்லாம் வந்த பிறகு கைக்கு வந்தபோது சிலிண்டர் முழுக்கச் செம்மண் நிறம். சுவரோரம் சாக்கில் கிடந்திருக்கிறது. ஆளில்லாத நேரம், அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் என் பொருள் கெட்டது கெட்டதுதான், ஒரு அறையில் குழிவிழுந்த தடம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து கொடுக்கப் போகும் முன்தினம் கிரீஸ் கனமாகப் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுகிறேன். துப்பாக்கியின் உடலில் பொறித்த எண்ணைக் குறித்த ரசீதைக் கையில் வாங்காமல் படியிறங்குவதில்லை. திரும்ப வந்ததும் கிரீஸை முழுக்க வழித்து எடுங்கள். குழலில் கிரீஸோடு சுடக் கூடாது.

தங்கச்சி மகன் ரிவால்வர்தான் எடுத்தான். அன்றைக்கே அவன் பீரோக் கதவின் உள்பக்கம் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, மாதத்தின் முதல் ஞாயிறெல்லாம் துடைக்கிற நாளென்று சிவப்பில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கிற மாதங்களுக்கு மட்டும் வாரம் ஒரு வட்டம்.