மரியோ கார்ட்: மேட்டில் சும்மா எழும்பாதீர்கள்

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் ஓடும் கார் பந்தய விளையாட்டான மரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஆக்ஸிலரேட்டரை மட்டும் நம்பி ஓடுகிறவர் ஆறாவது ஏழாவதாகத்தான் வருவார். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஞாயிறு பின்னேரங்களில் வருகிற அண்ணன் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: வேகம் காரில் இல்லை, கார் நிலத்தை விட்டு எழும்பும் கணத்திலும் திரும்ப நிலத்தைத் தொடும் கணத்திலும் இருக்கிறது.

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். காரின் பின்பக்கத்தில் சின்ன அன்டெனா ஒன்று தெரிந்தால் ஸ்மார்ட் ஸ்டியரிங் வேலை செய்கிறது என்று அர்த்தம். பாதையை விட்டு விழாமல் அது பிடித்துக்கொள்ளும். சின்னவர்களுக்கு நல்லது, ஆனால் பெரிய வேகங்கள் சிலவற்றைத் தடுத்துவிடும். அதை நிறுத்திவிடுங்கள். அப்புறம் ரீவி. ஹோலில் உள்ள பெரிய ரீவியில் 'கேம் மோட்' போடாவிட்டால் நீங்கள் அமத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் ஒரு துளி தாமதம் இருக்கும். மேட்டில் எழும்பும்போது நாம் செய்யப்போகும் வித்தைக்கு அந்தத் துளியே போதும், எல்லாம் கெட்டுவிடும். பிள்ளைகள் கொன்ட்ரோலரைத் திட்டுவார்கள், பிழை ரீவியில்.

சரி, எழும்பும் கணம். மேட்டின் நுனியில் முன்சக்கரம் நிலத்தை விடும்போது R அல்லது ZR பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். ஸ்விட்சின் சின்னக் கொன்ட்ரோலரான ஜாய்கானைக் குறுக்காகப் பிடித்து விளையாடுகிறவர்களுக்கு அது SR, ஓரத்தில் இருக்கும் மெல்லிய பொத்தான். பெரிய விரல்களுக்கு அது ஒரு சோதனைதான். நன்றாகத் தட்டினால் ஓட்டுநர் ஆகாயத்தில் ஒரு வித்தை காட்டுவார், கார் நிலத்தைத் தொட்டதும் பின்னால் நெருப்புத் தள்ளி முன்னே பாயும். முந்தித் தட்டினால் நிலத்திலேயே ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். பிந்தினால் ஒன்றும் நடக்காது. இந்த வித்தை 2008இல் நின்டெண்டோவின் பழைய வீ கன்சோலுக்கு வந்த மரியோ கார்ட் பதிப்பில்தான் தொடங்கியது. அப்போது ரிமோட்டையே உதற வேண்டும். இப்போது விரல் நுனி போதும்.

பெரிய மேடுகளில் எல்லோரும் தட்டுவார்கள். வித்தியாசம் வருவது சின்ன மேடுகளில். கார் ஒரு அங்குலம் எழும்பினாலும் தட்டிப் பாருங்கள், பல இடங்களில் வேலை செய்யும். மவுன்ட் வாரியோ என்ற பனிமலைப் பாதையின் கடைசிப் பகுதியில் வரிசையாகப் பனி மேடுகள் வரும். ஒவ்வொன்றிலும் தட்டுகிறவரும் ஒன்றிலும் தட்டாதவரும் முடிவுக்கோட்டில் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பாருங்கள். பழகுவதற்கு எக்ஸைட்பைக் அரீனாதான் என் தெரிவு. பாதை முழுக்க மேடுகள், சாதாரணப் பந்தயங்களில் அவை இடம் மாறி மாறி வரும், எனவே மனப்பாடம் பண்ணி ஏமாற்ற முடியாது. டைம் ட்ரயலில் தனியாக ஓடினால் வேகம் கூட்டும் காளான் மூன்று கையில் தருவார்கள், மற்றவர்கள் ஆமை ஓட்டை எறியும் தொல்லையும் இல்லை.

பெரும்பாலானோர் விடுகிற இடம் இறங்கும் கணம். தட்டிய பொத்தானை ஆகாயத்திலேயே விடாமல் பிடித்து, வரப்போகும் வளைவின் பக்கம் ஸ்டிக்கைச் சாய்த்து இறங்குங்கள். கார் தொட்டவுடனேயே சறுக்கலில் போகும். சக்கரத்தடியில் முதலில் நீலப் பொறி, பிறகு செம்மஞ்சள், கடைசியில் ஊதா. விட்டவுடன் பாய்ச்சல், ஊதாவுக்குத்தான் அதிகம். ஸ்மார்ட் ஸ்டியரிங் ஓடினால் அந்த ஊதாவை மறந்துவிடுங்கள். வித்தையின் பாய்ச்சல் ஓய்வதற்குள் பொறியின் பாய்ச்சல் தொடங்கினால் கார் வேகம் குறையவே குறையாது. என் மருமகள் முதல்தரம் இதைச் சரியாகச் செய்தபோது, "மாமி, இது கள்ள வேலை" என்றாள். இல்லையடி, இதுதான் ஆட்டமே.

எங்கே தட்டக்கூடாது என்பதும் முக்கியம். ஆட்டத்தின் மிக வேகமான பிரிவான 200சிசியில் மேடு முடிந்ததும் கூர்மையான வளைவு வந்தால் அந்தப் பாய்ச்சலே உங்களைக் கடலுக்குள் தள்ளிவிடும். அங்கே வித்தையை விட்டு, சறுக்கிக்கொண்டே பிரேக்கைத் தொடுங்கள். விழுந்தால் பாதையில் பொறுக்கிய காசில் மூன்று போகும். காசு ஏற ஏற அதிகபட்ச வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பத்துக்கு மேல் எண்ணாது. எனவே பத்து சேரும்வரை காசுப் பக்கமாகவே ஓடுங்கள்.

பந்தயம் தொடங்க 3, 2, 1 என்று எண்ணும்போது, '3' வரும்போதே ஆக்ஸிலரேட்டரை அமத்தினால் என்ஜின் புகைந்து நிற்கும். '2' தெரிந்ததும் அமத்திப் பிடியுங்கள். சக்கரங்கள் மடிந்து கார் சுவரில் ஓடும் பகுதிகளில் மற்றவரை மோதினால் இருவருக்குமே ஒரு சுழல் வேகம் கிடைக்கும், அங்கே விலகிப் போகாதீர்கள். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு வரும் ஓட்டோ மாதிரி, முன்னால் ஓடுகிறவரின் பின்னால் கொஞ்ச நேரம் ஒட்டி ஓடினால் காற்றுக் கோடுகள் தெரியும். உடனே விலகி முந்துங்கள்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு, 2019இல் வந்த க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்டில் கணக்கு வேறு. அங்கே மேட்டு நுனியில் குதிக்கும் பொத்தானை அமத்த வேண்டும். எவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு பெரிய பாய்ச்சல். மரியோவில் பழகிய கைக்கு இது முதல் ஒன்றிரண்டு நாள் குழப்பும். இரண்டையும் ஒரே மாலையில் மாறி மாறி விளையாடாமல் இருப்பது நல்லது.